அவன் அழுகிறானா, ஆடுகிறானா

ஈஜிபுரா, பெங்களூர்
12-1-1997

மாப்பிள்ளை கணேசமூர்த்திக்கு எத்திராஜ் எழுதுவது.

இங்கே சளி, இருமலைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. புனே சாப்பாடு உனக்கு ஒத்துக்கொள்கிறதா? போன வாரம் உன் சித்தப்பா கோவிந்தப்பாவைப் பார்க்க அத்திபெலே போயிருந்தேன். சப்பாத்தி தின்று தின்று நீ இளைத்துவிட்டதாக வருத்தப்பட்டார்.

ஞாயிற்றுக்கிழமை எஸ்.டி.டி. பூத்துக்கு வந்த உன் ஃபோனுக்குத்தான் இந்தக் கடிதம். "நாஃப்ளரா? தூங்க வைக்கிற கிட்டார்டா அது" என்று சொல்லிவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டாய். மீட்டர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே கிட்டார் பேச முடியாது. இனிமேல் இந்த விஷயத்தைக் கடிதத்தில்தான் பேச வேண்டும்.

மார்க் நாஃப்ளர் தந்தி மீட்டுகிற பிக்கைத் தொடுவதே இல்லை. விரல்தான். தோல் நேராகத் தந்தியில் படுகிறது, அதனால் அது பேச்சு மாதிரி வருகிறது. உன் ஹென்ட்ரிக்ஸ் பெரிய ஆள், இல்லை என்று யார் சொன்னது? வலது கைக்காரன் கிட்டாரைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு உலகத்தையே ஆட்டியவர். ஆனால் பி.பி. கிங் ஒரே ஒரு நோட்டை இழுத்து நிறுத்துவார் பார், அதற்கு அப்புறம் எனக்கு வேறு யாரும் வேண்டாம்.

பாகீரதி இருந்திருந்தால், "ரெண்டு பேரும் முன்னாடி நிக்கறவனையே பாருங்க. பின்னாடி ஒருத்தன் விடாம தட்டிக்கிட்டே இருக்கானே, அவனாலதான் இவனுங்க நிக்கறானுங்க" என்று நடுவில் புகுந்திருப்பாள். அவள் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. உனக்குப் பெண்டாட்டி, எனக்குத் தங்கை. அம்மா அப்பா முன்னாடியே போய்விட்டார்கள். எனக்கு உறவென்று மிச்சமிருப்பது நீ ஒருத்தன்தான் மாப்பிள்ளை. சண்டை போடவாவது எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

உடம்பைக் கவனித்துக்கொள். 
எத்திராஜ்


புனே
5-2-1997

மச்சானுக்கு கணேசமூர்த்தியின் வணக்கம்.

இருமலுக்குக் கஷாயம் குடி, சிகரெட்டை நிறுத்து. நான் இளைக்கவில்லை. சித்தப்பாவுக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும், அவ்வளவுதான்.

உன் நாஃப்ளர் பேச்சு மாதிரி வாசிக்கிறார் என்கிறாய். எனக்குப் பேசுகிறவன் வேண்டாமப்பா, கத்துகிறவன்தான் வேண்டும். ஃபேக்டரியில் எட்டு மணி நேரம் வாயை மூடிக்கொண்டு நிற்கிறவனுக்கு வான் ஹேலனும் ஹென்ட்ரிக்ஸும்தான் சரி.

இத்துடன் ஒரு கேசட் அனுப்புகிறேன். எங்கள் செக்‌ஷனில் சந்திரன் என்று ஒரு பாலக்காட்டுக்காரன். யாரோ கொடுத்ததை அவன் காப்பி எடுத்தான், அவனிடமிருந்து நான். மேலே பேர் இல்லை. குரலே கிடையாது, வெறும் கிட்டார். ஏ பக்கம் மூன்றாவது பீஸைக் கேள். என் அபிப்பிராயத்தை இப்போது சொல்லமாட்டேன். இரண்டு நோட்டில் ஆளைப் பிடிக்கிறவன் என்று பீற்றிக்கொள்வாயே, கண்டுபிடி பார்க்கலாம்.

மற்றபடி இங்கே விசேஷம் ஒன்றும் இல்லை.

கணேசன்


ஈஜிபுரா
22-2-1997

மாப்பிள்ளை,

சிகரெட்டைக் குறைத்திருக்கிறேன், நிறுத்தவில்லை. நீ சுகம்தானே?

ஆள் யாரென்று தெரியவில்லை. தோற்றுவிட்டேன், ஒத்துக்கொள்கிறேன். கில்மோரோ என்று முதலில் நினைத்தேன், இல்லை. நாஃப்ளரும் இல்லை. யாராக இருந்தால் என்ன, அந்த மூன்றாவது பீஸ் இருக்கிறதே, ஐயோ! ஒவ்வொரு நோட்டையும் கீழே வைக்க மனசில்லாமல் வைக்கிறான் அந்த மனுஷன். யாரையோ பறிகொடுத்தவன் அவன், சந்தேகமே வேண்டாம். இப்படி அழுகிற கிட்டாரை நான் கேட்டதே இல்லை.

கம்பெனியிலிருந்து வந்ததும் அதைத்தான் போடுகிறேன். நாள் முழுக்கத் தையல் மெஷின்களைப் பழுது பார்த்து மாரடித்துவிட்டு வந்து கதவைத் திறந்தால் வீடு கம்மென்று கிடக்கிறது. இவன் வாசிக்க ஆரம்பித்தால் கூட ஓர் ஆள் உட்கார்ந்திருப்பது போல இருக்கிறது. என் கிட்டாரையும் இந்தக் கேசட்டுக்கே சுருதி கூட்டி வைத்திருக்கிறேன். ஆர்கெஸ்ட்ராவுக்குத்தான் பாகீ போனதிலிருந்து நான் போவதில்லையே, வீட்டில் வாசிப்பதோடு சரி. நோயல் கீபோர்டைத் தூக்கிக்கொண்டு வந்து "வாடா, வாடா" என்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போய்விட்டான்.

நீயும் இதைக் கேட்டு அழுதிருப்பாய். அதனால்தான் அபிப்பிராயம் சொல்லவில்லை. எனக்குத் தெரியாதா உன்னை?

உடனே எழுது.
எத்திராஜ்


புனே
2-4-1997

மச்சானுக்கு,

பதில் தாமதமானதற்கு ஷிஃப்டைக் காரணம் சொல்கிறேன், நம்பு. உடம்பு நன்றாக இருக்கிறது. உனக்கு இருமல் நின்றதா?

நீ எந்தக் கேசட்டைக் கேட்டாய்? அழுகையா? மூன்றாவது பீஸா? மச்சான், அது கல்யாண வீட்டு ஆட்டம்! ஹோலிக்கு இங்கே கட்கியில் தெரிந்த தமிழ்க்காரர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். அங்கே இதைப் போட்டோம். மூன்றாவது பீஸ் வந்ததும் எல்லோரும் கை தட்ட ஆரம்பித்துவிட்டார்கள். குழந்தைகள் ஆடின. நானும்தான் தட்டினேன். இதில் எவன் எவளைப் பறிகொடுத்தான்?

ஒருவேளை பி பக்கத்தைக் கேட்டிருப்பாய். திருப்பிப் போட்டுப் பார்.

கணேசன்


ஈஜிபுரா
10-4-1997

கணேசமூர்த்திக்கு,

ஏ பக்கம், பி பக்கம் தெரியாத மடையனா நான்? ஏ பக்கம்தான். மூன்றாவதுதான். உன் கடிதம் வந்த பிறகு இன்னொரு தடவை கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். அவன் அழுகிறான்.

மனசில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், தப்பாக எடுத்துக்கொண்டாலும் சரி. பாகீ இருந்தபோது இதை நாம் மூன்று பேரும் கேட்டிருந்தால் நீயும் அழுகை என்றுதான் சொல்லியிருப்பாய். இப்போது கை தட்டுகிறாய். உனக்கு மறக்க ஆரம்பித்துவிட்டது. மறப்பது குற்றம் என்று சொல்லவில்லை. ஆனால் எனக்கு மறக்கவில்லையே, நான் என்ன செய்வது? இரண்டு பேர் சேர்ந்து தூக்கிக்கொண்டிருந்ததை நீ பாட்டுக்கு இறக்கி வைத்துவிட்டுப் போனால், நான் ஒருத்தனாக எப்படித் தூக்குவேன்?

கட்கியில் தெரிந்தவர்கள் என்கிறாயே, யார் அவர்கள்? பேர் இல்லையா அவர்களுக்கு?

உடம்பைப் பார்த்துக்கொள்.
எத்திராஜ்


ஈஜிபுரா
25-6-1997

மாப்பிள்ளைக்கு,

நீ நலமாக இருப்பதாகக் கேள்விப்பட்டேன். உன் கடிதத்திலிருந்து அல்ல.

ஏப்ரலில் கோபமாக எழுதினேன், நீ பதில் போடவில்லை. பாகீயின் திதிக்காவது வருவாய் என்று பார்த்தேன். போன வருஷம் வந்தாயே. ஐயர் "மாப்பிள்ளை வரலையா?" என்று கேட்டார். வண்டி லேட் என்று சொல்லி உட்கார வைத்தேன். அப்புறம் அவருக்கு வேறு இடம் போக வேண்டியிருந்தது, முடிந்த மட்டும் செய்துவிட்டுப் போனார். வடையை நானும் கீழ் வீட்டு கிருஷ்ணப்பா குடும்பமும் சாப்பிட்டோம்.

அதற்கு அடுத்த ஞாயிறு அத்திபெலே போனேன். உன் சித்தப்பா என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டார். சித்திதான் சொன்னார்கள்: "உனக்குச் சொல்லிட்டான்னு நெனச்சோம்பா. வைகாசியிலயே ஆயிடுச்சே. கோயில்லதான் செஞ்சாங்க. பொண்ணு பேரு தீபிகா."

நீ கல்யாணம் செய்துகொண்டதற்கு நான் கோபப்படுவேன் என்று நினைத்தாயா? உனக்கு முப்பத்து நாலு வயசு. செய்துகொள்ளாதே என்று சொல்ல நான் என்ன ராட்சசனா? எனக்கு வலிப்பது வேறு. பாகீ இருந்தவரைக்கும் நீ எனக்கு மாப்பிள்ளை. அவள் போன பிறகும் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் உனக்கு எழுதிக்கொண்டிருந்தேன். இப்போது நீ வேறு வீட்டு மாப்பிள்ளை. நான் உனக்கு யார்? பழைய ஆர்கெஸ்ட்ராவில் கூட வாசித்த ஒருத்தன், அவ்வளவுதானா? அதை மட்டும் சொல்லிவிடு. வேறு ஒன்றும் எழுத வேண்டாம்.

எத்திராஜ்


புனே
9-7-1997

மச்சானுக்கு,

மச்சான் என்றுதான் எழுதுகிறேன். நீ அடித்தாலும் அப்படித்தான் எழுதுவேன்.

திதிக்கு நான் லீவு போட்டேன். இங்கே புனே ஸ்டேஷன் வரைக்கும் போனேன். தாலி கட்டி மூன்று வாரம்கூட ஆகவில்லை, எந்த முகத்தோடு உன் எதிரில் உட்கார்ந்து பிண்டம் பிடிப்பது? திரும்பிவிட்டேன்.

கல்யாண விஷயத்தை உனக்கு எழுத எத்தனையோ தடவை உட்கார்ந்தேன். "ஒரு செய்தி" என்று ஆரம்பிப்பேன். அடுத்த வரியில் ஹென்ட்ரிக்ஸ் வந்துவிடுவார். கிட்டார் என்றால் கை தானாக ஓடுகிறது. இது என்றால் பேனா நிற்கிறது. நேரில் வந்து, தட்டில் பழம் பாக்கு வைத்து, "மச்சான், நீதான் முன்னால் நின்று நடத்திவைக்கணும்" என்று கேட்க வேண்டிய கல்யாணம் இது. அந்தத் தைரியம் எனக்கு வரவில்லை.

தீபிகாவுக்கு அம்மா அப்பா இல்லை. கட்கியில் சித்தப்பா வீட்டில் வளர்ந்தவள். பாலர் பள்ளியில் டீச்சர். நல்ல மாதிரி.

உனக்குக் கோபம் ஆறும்வரை எழுதமாட்டாய், தெரியும். மெதுவாக ஆறட்டும்.

கணேசன்


புனே
17-8-1997

மதிப்புக்குரிய அண்ணாவுக்கு தீபிகா வணக்கம் சொல்லி எழுதுவது.

நீங்கள் என்னைப் பார்த்ததில்லை. உங்கள் உடம்பு சௌகரியமா? இருமல் இருப்பதாக இவர் சொல்லியிருக்கிறார். நான் மராத்திப் பள்ளியில் படித்தவள், தமிழ் எழுத்தில் தப்பு இருந்தால் மன்னிக்கணும்.

நான் எழுதுவது இவருக்குத் தெரியாது. ஃபேக்டரி விட்டு வந்ததும் இவர் முதலில் பார்ப்பது தபால் பெட்டியை. என்னைக்கூட அப்புறம்தான். ஒன்றும் இல்லை என்றால் பேசாமல் சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொள்கிறார். ஒரு மாதத்துக்கு மேல் இப்படியே போகிறது. உங்கள் பழைய கடிதங்களைக் காட்டினார், நான்தான் கேட்டேன்.

அண்ணா, ஹோலி அன்றைக்கு முதலில் கை தட்டியது நான்தான். உங்களுக்கு அது வலிக்கும் என்று தெரியாமல் தட்டிவிட்டேன். இப்போது தனியாக இருக்கும்போது அந்தக் கேசட்டை மறுபடியும் போட்டுக் கேட்டேன். நீங்கள் சொன்ன அழுகை எங்கே வருகிறது என்று தேடினேன். எனக்குக் கிடைக்கவில்லை. கிடைத்தது என்று உங்களுக்காகப் பொய் எழுதலாம், மனசு வரவில்லை. அது சந்தோஷமாகத்தான் இருக்கிறது. உங்களுக்கு மட்டும் ஏன் அழுகிறது?

அக்கா படத்துக்கு வெள்ளிக்கிழமை பூ வைக்கிறேன். வைக்கலாம் இல்லையா?

இவருக்கு ஒரு வரியாவது எழுதுங்கள்.

தங்கள்
தீபிகா


ஈஜிபுரா
14-9-1997

மாப்பிள்ளைக்கு,

கோபம் ஆறிவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் வெட்கம் அதை முந்திக்கொண்டுவிட்டது. நீ நலமா, உன் வீட்டில் நலமா? முதலில் நான் சொல்வதைக் கேட்டுவிட்டுச் சிரி.

உன் சம்சாரம் எனக்கு எழுதினாள். (அவளைத் திட்டாதே.) "உங்களுக்கு மட்டும் ஏன் அழுகிறது?" என்று கேட்டிருந்தாள். அந்தக் கேள்வி என்னை விடவில்லை. நோயலைக் கூப்பிட்டேன். கீபோர்டோடு வந்தான். நான் கிட்டாரில் மூன்றாவது பீஸை வாசித்தேன், அவன் கூடச் சேர்ந்துகொள்ளப் பார்த்தான். சேரவில்லை. எந்தக் கட்டையைத் தொட்டாலும் என் கிட்டார் அதற்குக் கீழே கிடக்கிறது. "எந்த சுருதிடா இது, எந்த ஊர்ல இருக்கு?" என்றான். கேசட்டுக்கு வைத்தது என்றேன். டேப் டெக்கைப் போடச் சொல்லி இரண்டு நிமிஷம் கேட்டான். அப்புறம் எழுந்துபோய் டெக்கின் பின்மூடியைக் கழற்றி விரலை விட்டான். பெல்ட் தொளதொளவென்று கையோடு வருகிறது!

மாப்பிள்ளை, நான் பெல்ட் மாற்றிச் சம்பளம் வாங்குகிறவன். ஒரு மெஷின் அரை சுற்று குறைந்தால் தூரத்திலிருந்தே காதில் விழும் எனக்கு. என் வீட்டு டெக் மெதுவாக ஓடுவது தெரியவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்திருக்கிறது. எல்லாப் பாட்டும் மெதுவாகிக்கொண்டே போனது, குரலெல்லாம் தடித்துக்கொண்டே போனது. பாகீ போன பிறகு உலகமே இப்படித்தான் ஆகிவிட்டது என்று நான் பாட்டுக்கு இருந்துவிட்டேன். ரேடியோவில் பாடுகிறவர்கள் எல்லாம் என்ன இவ்வளவு அவசரப்படுகிறார்கள் என்று அவர்களைத்தான் திட்டினேன்.

எஸ்.பி. ரோட்டில் புது பெல்ட் வாங்கிப் போட்டோம். மூன்றாவது பீஸ் ஓடியது. நீ சொன்னது சரி. ஆட்டம்தான். நோயல் எழுந்து இடுப்பை ஆட்டினான். நான் உட்கார்ந்து அழுதேன். அவன் பயந்துபோய் டீ வாங்கப் போய்விட்டான். பாகீயை மறந்துவிட்டாய் என்று உன்னைச் சொன்னேனே, அதற்காக என்னை மன்னித்துவிடு. நீ சரியான வேகத்தில் கேட்டாய், அவ்வளவுதான்.

இன்னொன்று. நம் பக்கத்தில் இளையவளாக வருகிறவளுக்கு மூத்தவளின் பிறந்த வீடுதான் தாய்வீடு. அம்மா இருந்திருந்தால் முதல் ஆளாக இதைச் சொல்லியிருப்பாள். தீபிகாவுக்கு அம்மா அப்பா இல்லை என்று எழுதியிருந்தாய். தலைதீபாவளிக்கு இரண்டு பேரும் ஈஜிபுராவுக்கு வர வேண்டும். வேட்டியும் புடவையும் எடுத்துவிட்டேன். மறுபேச்சு வேண்டாம்.

தீபிகாவுக்கு என் ஆசி. பூ வைக்கலாமா என்று கேட்டிருந்தாள். தாராளமாக வைக்கச் சொல். பாகீக்குக் கனகாம்பரம்தான் பிடிக்கும்.

எத்திராஜ்


புனே
20-10-1997

மச்சானுக்கு,

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன், அப்புறம் நெடுநேரம் சிரிக்கவில்லை. அந்தச் சந்திரனிடம் சொன்னேன், அவன் உன் பழைய பெல்ட்டைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்கச் சொல்கிறான், அவனுக்கும் அந்த அழுகையைக் கேட்க வேண்டுமாம்.

தலைதீபாவளிக்குத் தீபிகா வருவாள். டிக்கெட் எடுத்தாயிற்று. நான் வரவில்லை. லீவு இல்லை என்று எழுதத்தான் நினைத்தேன். லீவு இருக்கிறது. உன் வீட்டுப் படியில் பாகீயோடுதான் முதல் தடவை ஏறினேன். அதே படியில் இன்னொருத்தியைக் கூட்டிக்கொண்டு ஏற எனக்குக் கால் வராது. இந்த வருஷம் விட்டுவிடு.

அவளை ஸ்டேஷனில் வந்து அழைத்துக்கொள். பச்சைப் பெட்டி வைத்திருப்பாள்.

கணேசன்


ஈஜிபுரா
9-11-1997

மாப்பிள்ளைக்கு எத்திராஜ் எழுதுவது.

தீபிகா நல்லபடியாக வந்து சேர்ந்திருப்பாள். அவளுக்கு வண்டியில் தலைவலி வந்ததா என்று கேட்டு எழுது.

அவள் இங்கே இருந்ததைச் சொல்கிறேன். முதல் நாள் இரண்டு பேருக்கும் என்ன பேசுவதென்று தெரியவில்லை. கேசட்டுகளைக் காட்டினேன். இது பி.பி. கிங், இது கில்மோர், இது சந்தானா, இவர் இழுப்பார், அவர் ஓடுவார் என்று விளக்கிக்கொண்டே போனேன். பொறுமையாகக் கேட்டாள். கடைசியில், "அண்ணா, உங்க ரெண்டு பேருக்கும் வேற பேச்சே கிடையாதா?" என்றாள். கேசட்டுகளை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தேன்.

தீபாவளியன்று எண்ணெய் வைக்க வீட்டில் பெண்பிள்ளை இல்லையே என்று கிருஷ்ணப்பா சம்சாரத்தைக் கூப்பிட்டேன். அந்தம்மா எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து, "இவரு யாரு?" என்று கன்னடத்தில் கேட்டார். என்ன சொல்வது? மாப்பிள்ளையின் இரண்டாவது சம்சாரம் என்றா? கேட்டது தீபிகாவுக்குப் புரிந்துவிட்டது. "அவரோட தங்கச்சி" என்றாள், தலையைக் குனிந்து காட்டினாள். அந்தம்மா எண்ணெய் வைத்தார். ஜூனில் உன்னிடம் "நான் உனக்கு யார்?" என்று கேட்டிருந்தேன், நீ சுற்றி வளைத்துப் பதில் எழுதினாய். இவள் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டாள்.

சாப்பிட்ட பிறகு அவள் கேட்டாள்: "அக்கா எப்படி இருப்பாங்கண்ணா? இவர் ஒண்ணுமே சொல்றதில்ல."

மாப்பிள்ளை, பாகீயைப் பற்றி என்னிடம் கேட்ட முதல் ஆள் அவள்தான். பாகீ போனதிலிருந்து ஒருத்தரும் கேட்கவில்லை. நீ கேட்கவில்லை, நான் உன்னிடம் கேட்கவில்லை. ஹென்ட்ரிக்ஸ் எந்தக் கையால் வாசித்தார், நாஃப்ளர் பிக் தொட்டாரா இல்லையா என்று பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருந்தோம். அன்றைக்குப் பேச ஆரம்பித்தவன்தான், ஸ்டேஷன் போகும்வரை நிறுத்தவில்லை. சின்ன வயசில் பாகீ என்னை மாட்டிவிட்டது, சாம்பாரில் இரண்டு தடவை உப்புப் போட்டது, உன்னைக் கட்டிக்கொள்ள அப்பாவிடம் சண்டை போட்டது, எல்லாம் சொன்னேன். தீபிகா சிரித்தாள், அழுதாள், திரும்பக் கேட்டாள்.

வண்டி கிளம்பியது. வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தேன். முன்னெல்லாம் இந்த வீடு காலியாக இருக்கும், அது பழகிப்போனது. இப்போது ஓர் ஆள் வந்து போன வீடாக இருக்கிறது. இது பழகவில்லை. தாங்கவும் முடியவில்லை.

உனக்குப் படியேற எப்போது கால் வருகிறதோ அப்போது வா, நான் அவசரப்படுத்தவில்லை. ஆனால் இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதும்போது கிட்டார் வேண்டாம். ஒரு நோட்டுகூட வேண்டாம். ஆஸ்பத்திரியில் கடைசி நாள் பாகீயோடு உள்ளே இருந்தது நீ, வெளியே பெஞ்சில் இருந்தது நான். அவள் உன்னிடம் என்ன பேசினாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்டால் நீ உடைந்துவிடுவாய் என்று கேட்காமல் இருந்தேன். இப்போது கேட்கிறேன். என்னைப் பற்றி ஏதாவது சொன்னாளா?

அதை மட்டும் எழுது, மாப்பிள்ளை.

எத்திராஜ்